பத்துக்கு எத்தனை

ஜூன் 3, திங்கள்

மறுபடியும் சுவர். ஏப்ரலில்தான் வெள்ளையடித்தது. கூடத்திலிருந்து குளியலறை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரே கோடாக அழுக்கு. "சுவத்தைத் தொடாம நடக்க முடியாதாம்மா உனக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. கத்தினேன். "பாத்துக்கறேன் கண்ணு" என்றாள். அந்தக் "கண்ணு"வைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் ஓசூரிலிருந்து தம்பி பூபதி பேசினான். "அக்கா, அம்மா காலு எப்படி இருக்குது?" என்று கேட்ட விதமே சரியில்லை. வேவு பார்க்கிற குரல். நன்றாக இருக்கிறது, தரையெல்லாம் அவளே துடைக்கிறாள், நம்பாவிட்டால் வந்து பார் என்றேன்.

அவனுக்கு இன்னும் அந்த ஆத்திரம் போகவில்லை. ஜனவரியில் கோயம்புத்தூரில் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவைக்கு அவன் நாள் குறித்திருந்தான். அம்மாவுக்குப் பயம். எழுபத்து நாலு வயதில் எலும்பை அறுத்து வைப்பார்கள் என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது? அதனால் ரத்து செய்தோம். நான் வேலை செய்யும் கிளினிக்கிலேயே ரத்த ஊசி இருக்கும்போது கத்தி எதற்கு? நம் ரத்தத்தையே எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளேட்லெட் செறிந்த மஞ்சள் திரவத்தை மட்டும் பிரித்து முழங்காலுக்குள் செலுத்துவார்கள். சுற்றிப் பிரித்துக் கொடுப்பது நான். பதினோரு வருடமாக அங்கே லேப் டெக்னீஷியன். எனக்குத் தெரியாததா பூபதிக்குத் தெரிந்துவிட்டது?

என் வலது முழங்காலுக்கும் அம்மாவின் இரண்டுக்கும் ஒரே நாளில் தொடங்கினோம். மூன்று தவணை. இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையதும் மஞ்சள், என்னுடையதும் மஞ்சள். எனக்கு நாற்பத்தாறு வயது. போன வருடம் கிளினிக் மாடிக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். இப்போது பிடிப்பதே இல்லை.

ஜூன் 5, புதன்

டாக்டர் முகில்வண்ணன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் வேலை பெரிது என்று அர்த்தம். முப்பதாம் தேதி ஞாயிறு, கல்யாண மண்டபத்தில் மூட்டுவலி முகாம். "முதுமை ஒரு தடையல்ல" என்று பெயர் வைத்திருக்கிறார்.

"கோகிலா மேடம், நம்ம இருநூறு பேஷன்ட் லிஸ்ட் முடிஞ்சுதுல்ல? வயசுவாரியாப் பிரிச்சு ஒரு டேபிள் போட்டுக் குடுங்க. ஊசிக்கு முன்ன வலி எவ்வளவு, மூணு மாசம் கழிச்சு எவ்வளவு. அவ்வளவுதான்."

அந்தப் பட்டியல் முழுக்க என் கையெழுத்து. மூன்று மாதம் ஆனதும் ஒவ்வொருவருக்கும் நான்தான் போன் செய்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டு எழுதினேன். எழுபது தாண்டியவர்களுக்கும் எட்டிலிருந்து மூன்று, ஒன்பதிலிருந்து இரண்டு என்று இறங்கியிருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"பேனருக்கு ஒரு போட்டோ வேணும். உங்கம்மா போட்டோவையே போட்டா என்ன? அம்மாவ மேடைக்கும் கூட்டிட்டு வாங்க. நாலு படி ஏறி நின்னாப் போதும்."

பெருமையாக இருந்தது. இருக்காதா?

ஜூன் 6, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "உனக்கு ஆவும்னா வாறேன்" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் சண்டை. டாக்டர் சொன்ன பயிற்சி பத்து நிமிடம்கூட ஆகாது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது. நான் ஒருநாள் விட்டதில்லை. அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு தரம் தூக்கிவிட்டு, "அப்பறம் பண்ணிக்கறேன், நீ போ" என்கிறாள்.

"உனக்கும் எனக்கும் ஒரே ஊசி, ஒரே டாக்டர், ஒரே மெஷின். எனக்குக் கேட்டது உனக்கு மட்டும் ஏன் மெதுவாக் கேக்குது? ஒடம்பு வணங்க மாட்டேங்குது உனக்கு" என்றேன்.

முப்பத்தொரு வருடம் பஞ்சாலையில் நின்ற காலிலேயே வேலை பார்த்தவளைப் பார்த்து உடம்பு வணங்கவில்லை என்று சொன்னேன். சொன்னது தப்பு என்று தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற அளவுக்குக் கோபம் தணியவில்லை.

தரை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைச் செய்ய முடிகிறவளுக்குக் காலைத் தூக்க முடியாதா?

ஜூன் 12, புதன்

சென்னியப்பன் என்பவர் வந்தார். எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற கண்டக்டர். ஒரு கை மருமகன் தோளில், இன்னொரு கையில் குடை. மழையில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். இன்னொரு ஊசி போட முடியுமா என்று கேட்க வந்திருக்கிறார்.

பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயருக்கு நேரே: முன்பு எட்டு, இப்போது இரண்டு.

"ஐயா, மார்ச்சுல போன்ல கேட்டப்ப வலி ரெண்டுதான்னு சொல்லியிருக்கீங்களே?"

"நான் எங்கம்மிணி சொன்னேன்? பத்துக்கு எத்தனைன்னு கேட்டீங்க. எனக்கென்ன தெரியும், நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டுக்கங்கன்னேன்."

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டரு அத்தனை பாடுபட்டு ஊசி போட்டிருக்காரு. நீங்க வேற வேலை மெனக்கெட்டுப் போன் பண்ணி விசாரிக்கறீங்க. வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" பிறகு மருமகனைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருசம் இல்லாத சீட்டை உள்ள இருக்குதுன்னு சொல்லி ஆள் ஏத்தினவன் நானு. ஒரு நம்பர் சொல்றதா பெருசு?"

மருமகனும் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில், ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளே வந்துவிட்டேன். பொய் சொல்லிவிட்டு இளிக்கிற கிழவர்.

ஜூன் 13, வியாழன்

இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு நான் போட்டது.

பேங்கில், தாலுகா ஆபீசில், ரேஷன் கார்டுக்கு, எதற்கானாலும் எழுதத் தெரிந்தவரிடம் படிவத்தை நீட்டி "நீங்களே எழுதிருங்க" என்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். பேனாவை வாங்கி நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பழக்கம். ஒரு நாளைக்குப் பதினைந்து போன். "நல்லா இருக்குதுங்க", "தேவலீங்க", "டாக்டரு சாமியாட்டம்ங்க". அதற்கெல்லாம் ஒரு எண் வேண்டும். மூன்று போட்டேன். குரல் தெம்பாக இருந்தால் இரண்டு.

எத்தனை பேருக்கு அப்படிப் போட்டேன் என்று நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

மறுபடி போன் செய்யத் தொடங்கினேன். டாக்டருக்குத் தெரியாது. இந்தத் தடவை எண் கேட்கவில்லை. கக்கூஸில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா? பஸ்ஸில் யாரும் கை கொடுக்காமல் ஏறுகிறீர்களா? போன வாரம் வலி மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள்? இவ்வளவுதான்.

ராமாத்தாள், எழுபத்தாறு. பட்டியலில் மூன்று. எடுத்ததும் கேட்டாள், "டாக்டரு பக்கத்துல இருக்காருங்களா?"

"இல்லீங்க."

"நெசமாவா?"

"லேப்ல நான் மட்டுந்தான் இருக்கேன்."

"அப்பக் கேட்டுக்க அம்மிணி. ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயி ஆறு மாசமாச்சு. பந்தியில உக்காந்தா எந்திரிக்க ரெண்டாளு வேணும். பெஞ்சைப் புடிச்சு இழுத்து, எலையெல்லாம் சரிஞ்சு, மானம் போவுது. அதுக்கு வூட்லயே கெடக்கலாம்னு கெடக்கறேன்."

"மார்ச்சுல இதச் சொல்லவே இல்லையே நீங்க?"

"நீயி எப்படிக் கேட்டே? 'வலி கொறைஞ்சிருக்குமே, பத்துக்கு எத்தனைங்க'ன்னு கேட்டே. கொறைஞ்சிருக்குமேன்னு ஆசையாக் கேக்கறவகிட்ட கொறையிலீன்னு சொல்றதாக்கும்?"

போனை வைத்தேன். அவள்மேல் கோபமா என்மேல் கோபமா என்று தெரியாத கோபம் மாதிரி அசிங்கமானது வேறில்லை.

ஜூன் 17, திங்கள்

நூற்று அறுபத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள். மற்றவர்கள் போன் எடுக்கவில்லை. இருவர் இறந்துவிட்டார்கள், வேறு காரணத்தால்.

ஐம்பத்தைந்துக்குக் கீழே ஐம்பத்தொரு பேர். அதில் முப்பத்தெட்டுப் பேருக்கு உண்மையாகவே கேட்டிருக்கிறது. சுபாஷினி என்று ஒரு தையல்காரி, நாற்பத்தொன்பது வயது, "மேடம், எட்டு மணி நேரம் மெஷின் மிதிக்கறேன். உங்க கைக்குத் தங்க வளையல் போடோணும்" என்றாள். எழுபதுக்கு மேல் நாற்பத்தேழு பேர். கேட்டது ஆறு பேருக்கு. நடுவில் உள்ளவர்களில் பாதிக்குப் பாதி.

வயதான ரத்தமே காரணமா, இல்லை வயதானவர்களின் மூட்டு ஏற்கெனவே எலும்போடு எலும்பு உரசுகிற அளவுக்குத் தேய்ந்துபோயிருப்பது காரணமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இது ஆராய்ச்சி இல்லை, போன் செய்து கேட்டது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவருக்கு எது காரணமானால் என்ன? எழுந்திருக்க முடியவில்லை.

சுபாஷினிக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வலித்திருந்தால் அவள் கிளினிக்குக்கு வந்து கத்தியிருப்பாள். எழுபது தாண்டியவர்கள்தான் நம்மிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

ஒரு வரி பாக்கி இருந்தது. வரிசை எண் 112. நாச்சம்மாள், எழுபத்து நாலு. முன்பு ஒன்பது, இப்போது மூன்று.

அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்குப் போன்? நேரிலும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வலி இரண்டு. வயதுக்கு ஒன்று கூட்டி மூன்று போட்டேன். அதுதான் நடந்தது.

தலைவலி என்று சொல்லிவிட்டு மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா அந்த நேரத்தில் என்னை எதிர்பார்த்திருக்க மாட்டாள். கதவு சும்மா சாத்தியிருந்தது.

கூடத்தின் நடுவில், ஈரத் துணியின்மேல் உட்கார்ந்திருந்தாள். காலிரண்டும் முன்னால் நீட்டியிருந்தன. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி ஒரு சாண் நகர்ந்தாள். துணியும் கூடவே வந்தது. மறுபடி ஊன்றி, மறுபடி ஒரு சாண். மடியில் ஒரு சொம்பு. சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் துணியை இழுத்துத் தரையைத் தேய்த்தாள். "தொடச்சுக்கிட்டு இருக்கறேன் கண்ணு. ஏன் நேரத்துலயே வந்துட்ட?"

அதனால்தான் தரை அப்படி.

வலி மாத்திரை ஏதாவது இருக்குமா என்று தலையணைக்கு அடியில் பார்த்தேன். இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள். முப்பத்தொரு காலி அட்டை எண்ணினேன். ஊசி போட்டவர்கள் வலி மாத்திரை போட்டால் ஊசி வேலை செய்யாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வாங்கிப் போட்டிருக்கிறாள். பிப்ரவரியிலிருந்து. தினம் இரண்டு, சில நாள் மூன்று.

ஜூன் 19, புதன்

அம்மாவுக்கு வீட்டிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போய் நானே பரிசோதித்தேன். சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற கிரியாட்டினின் 1.9. சந்தேகத்தில் மறுபடி ஓட்டினேன். 1.9. டிசம்பரில் அறுவைக்கு முன் எடுத்தபோது 0.9 இருந்தது. மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. இந்த எண்ணோடு எந்த மயக்க மருத்துவரும் அவளை மேசையில் ஏற்ற மாட்டார். எட்டு மாதம் முன்பு நடந்திருக்கக்கூடிய அறுவை இனி நடக்குமா என்பதே தெரியாது.

எட்டில்லை. ஐந்து. கோபத்தில் எனக்குக் கணக்குக்கூட வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மூளை இருக்கிறதா உனக்கு, மில்லில் சங்கத்துக்காரரையே எதிர்த்துப் பேசினவள்தானே, என்னிடம் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா, கிட்னி போனால் யார் பார்ப்பது, டயாலிசிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வது.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை உரித்தாள்.

"என்னைய நீ கேட்டியா?" என்றாள்.

"என்ன?"

"எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா? ஊரெல்லாம் போன் போட்டுக் கேட்டே. நான் இந்தா, இங்கதான உக்காந்திருந்தேன்."

மாட்டிக்கொண்டால் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். "நீயாச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எப்படிச் சொல்றது? உன்ற தம்பிகிட்ட அத்தனை சண்டை போட்டு, எங்க டாக்டரு ஊசியே போதும்னு சபதம் போட்டுட்டு நிக்கறே. புருசங்கிட்டத் தோத்துட்டு வந்தவ, தம்பிகிட்டயும் தோக்கோணுமான்னு நெனச்சேன். சரி, வலிதானே. கெடந்துட்டுப் போவட்டும்னு இருந்தேன்."

அப்புறம் வெங்காயத் தோலைக் கூட்டி எடுத்து முறத்தில் போட்டாள். வெங்காயம் என்பதால் அவள் கண்ணைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21, வெள்ளி

இரண்டாவது பட்டியலை டாக்டர் மேசையில் வைத்தேன். அம்மாவின் வரியையும் திருத்தியிருந்தேன். பொறுமையாகப் படித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க மேடம். ஆனா இதெல்லாம் முறையான கேள்வி கிடையாது. பஸ்ல ஏறுறதெல்லாம் ஒரு அளவுகோலா?"

"அவங்களுக்கு அதுதானுங்க சார் அளவு."

"வயசு காரணமில்ல. தேய்மானம்தான் காரணம். எழுபது வயசுல தேய்மானம் கம்மியா இருந்தாக் கேக்கும். அதையும் பாருங்க, ஆறு பேருக்குக் கேட்டிருக்குல்ல?"

"சரிங்க சார். தேய்ஞ்சு போனவங்களுக்கு ஏன் போட்டோம்?"

"அவங்கதான் கேட்டாங்க. ஆபரேஷன்னா பயம். வந்து கையப் புடிச்சுட்டு அழறாங்க. கொஞ்ச நாள் நம்பிக்கையோட இருந்தா அதுல என்ன தப்பு?"

"அந்த நம்பிக்கையில எனக்குத் தெரியாம வலி மாத்திரையாத் தின்னு எங்கம்மா கிட்னி போகப் பாக்குதுங்க சார்."

பட்டியலை என் பக்கம் தள்ளினார். "அது நான் கொடுத்த மாத்திரை இல்ல. பேனர் பிரிண்ட் ஆயிடுச்சு. மொதல் டேபிளையே வச்சுக்கலாம். அதுவும் உங்க கையெழுத்துதான், இல்லையா?"

மிரட்டலா என்று கேட்டால் இல்லை என்பார். உண்மையைத்தான் சொன்னார். அதுதான் ஆத்திரம்.

ஜூன் 24, திங்கள்

பூபதியிடம் சொல்லிவிட்டேன். கிரியாட்டினின், மாத்திரை, ஈரத் துணி, எல்லாம். திட்டுவான் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.

"சரிக்கா. அந்தக் கோயம்புத்தூர் டாக்டரம்மாகிட்டப் பேசறேன். மாத்திரைய மொதல்ல நிறுத்து."

"நிறுத்தியாச்சு."

"ஏங்க்கா, ஜனவரியில அம்மாவே பயந்துட்டாங்கன்னுதானே சொன்னே?"

ஆமாம் என்றேன்.

அவன் திட்டாதது எனக்குத் தாங்கவில்லை. சின்ன வயதில் சண்டையென்றால் தலைமுடியைப் பிடித்து இழுப்பான். அதுவே தேவலை.

ஜூன் 27, வியாழன்

அம்மா மாத்திரை இல்லாமல் ஒன்பதாவது நாள். முனகல் இப்போது வெளியே வருகிறது. ஐஸ் ஒத்தடம், வாக்கர், கக்கூஸில் வைக்க ஒரு கமோடு நாற்காலி. சுவரைத் தொடாதே என்று இனி சொல்ல மாட்டேன். வாக்கர் இடித்து இன்னும் நாலு இடத்தில் பெயர்ந்திருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம், போகாவிட்டால் என் முதல் பட்டியல் மட்டும் போகும் என்று தோன்றியது.

என்னை வாசலில் பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள். பெயர், வயது எழுதி டோக்கன் கொடுக்க வேண்டும். தலைக்குமேல் அம்மா. எட்டடி உயரம். ரோஸ் நிறப் புடவையில், தீபாவளிக்கு எடுத்த படம். "74 வயதிலும் வலியில்லா நடை!" படத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டு நடை என்று எழுதியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அச்சடித்தவன், டாக்டர், நான், யாரும்.

ஒன்பது மணிக்குள் நீண்ட வரிசை. குடை, கம்பு, மகன் தோள், பேத்தி கை. வரிசையில் முதலில் நின்றவருக்கு எழுபத்தெட்டு. டோக்கன் எழுதாமல் சொன்னேன்:

"ஐயா, இந்த ஊசி நடுத்தர வயசுக்காரங்களுக்கு, தேய்மானம் கம்மியா இருக்கறவங்களுக்குக் கேக்குதுங்க. உங்க வயசுல நாங்க போட்ட பெரும்பாலானவங்களுக்குக் கேக்கலை. கேட்டுச்சுன்னு நான்தான் தப்பா எழுதிட்டேன். எலும்பு டாக்டர் வேற யாராவதுகிட்ட எக்ஸ்ரே காட்டிக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு சொல்றதுக்கு? டாக்டரு சொல்லட்டும். டோக்கனக் குடு."

பின்னால் நின்ற ஒரு பெண்மணி, "இவளுக்கென்ன, நல்லாக் காலத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா. வந்தவங்கள வெரட்டறா பாரு" என்றாள். இன்னொருவர், "வேற ஆசுபத்திரிக்காரன் அனுப்பின ஆளா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களைக் காப்பாற்றப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறவள்.

"மேல இருக்கறாங்களே, அவங்க எங்கம்மாங்க!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அவங்களால நடக்க முடியல. தரையில நகர்ந்து போறாங்க."

நிமிர்ந்து பேனரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "பெத்தவளப் பத்தி இப்படிப் பேசுது பாரு" என்று அந்தப் பெண்மணியே சொன்னாள்.

எட்டடி அம்மா சிரிக்கும்போது என்னை யார் நம்புவார்கள்?

நாற்காலியைத் தூணோரம் இழுத்துப் போட்டு ஏறினேன். முழங்கால் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏற்றிவிட்டது. அதுவும் ஆத்திரமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன். ஒரு பக்கம் சரிந்து, மற்றப் பக்கம் கிழிந்து, முழுசும் கீழே விழுந்தது. சுருட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டர் வேகமாக வந்தார். பின்னால் மைக்செட் ஆள்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"எங்கம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க சார்."

தடுக்கவில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னால் எப்படித் தடுப்பார்? "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். சரிங்க சார் என்றேன். பதினோரு வருட வாய்ப்பழக்கம்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது ஒருவர் வந்தார். எழுபது இருக்கும். மனைவியை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். "நீங்க சொன்னது நெசமுங்களா?" என்று கேட்டார். அம்மாவின் ரிப்போர்ட் கைப்பையில் இருந்தது. காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். புரிந்திருக்காது. ஆனால் மனைவியை எழுப்பி, கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். வரிசையில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தது இருவர்.

ஜூலை 2, செவ்வாய்

வேலையில்லை. இரண்டாவது பட்டியலை நகல் எடுத்து மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பட்டியலை நிரப்பியவள் நான்தான் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். அப்படி எழுதினால் உனக்கும் சிக்கல் வரும் என்றான் பூபதி. வரட்டும்.

ஜூலை 19, வெள்ளி

கோயம்புத்தூர். பூபதி காரில் கூட்டிப்போனான். மாத்திரை நிறுத்தி ஒரு மாதம். கிரியாட்டினின் 1.3. வேறொரு லேபில் எடுத்தது. நான் தொடவில்லை.

அறுவை மருத்துவர் என் வயதுப் பெண். பெயர் மெய்யழகி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஜனவரி படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிரியாட்டினின் இன்னும் கொஞ்சம் இறங்கினால் செப்டம்பரில் இடது கால், அது ஆறிய பிறகு வலது என்றார். முன்பைவிட அபாயம் கூடுதல், ஆனால் செய்யலாம். செய்யலாம் என்ற சொல்லைக் கேட்டு பூபதி நாற்காலியில் சாய்ந்தான். அவன் அதுவரைக்கும் சாயாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு மருத்துவர் பழைய பேப்பரைப் புரட்டினார். "ஜனவரியிலயே தேதி குடுத்திருக்கேனே. ஃபிட்னஸ் எல்லாம் சரியா இருந்துச்சு. ஏன் வரலை? பயமாம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்று தொடங்கினாள்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "அம்மா பயப்படலை. பை எடுத்து வச்சுட்டுக் கெளம்பித்தான் நின்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். அம்மா பயந்துட்டாங்கன்னு தம்பிகிட்ட நானாச் சொன்னேன்."

பூபதி என் பக்கம் திரும்பினான். நான் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்காக ஏதாவது சொல்லி மூடிவிடுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். ஆறு மாதமாக அதைத்தானே செய்தாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"அவ சொல்றது நெசமுங்க டாக்டரம்மா" என்றாள். "எனக்கு ஒரு பயமும் இல்லீங்க. இவதான் என்னைய விடலை. எத்தனை வலிங்கறீங்க? தெனமும் ராத்திரி இவ கழுத்த நெரிக்கலாம்னு தோணும்."

மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "சொல்லுங்கம்மா. எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அம்மா சொல்லத் தொடங்கினாள். இருபது நிமிடத்துக்கு மேல் சொன்னாள். ஒரு இடத்திலும் நான் குறுக்கிடவில்லை.